மௌனப் படத்துக்கு மேடையில் வாசிப்பது எப்படி: மகாண்டா கலை விழாவுக்குப் போகும் புதியவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் இருக்கிறது மகாண்டா. 2018 வரை கிரஹாம்ஸ்டவுன் என்று அழைக்கப்பட்ட சிறிய பல்கலைக்கழக ஊர். 1974இல் தொடங்கிய தேசியக் கலை விழா இங்கேதான் நடக்கிறது. ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், அதாவது அங்கே நல்ல குளிர்காலத்தில், பள்ளிக்கூடக் கூடம் முதல் குன்றின் மேலிருக்கும் நினைவு மண்டபம் வரை கூரை உள்ள இடமெல்லாம் அரங்கமாகிவிடும். விழாக் குழுவே தேர்ந்தெடுக்கும் முதன்மை நிகழ்ச்சிகள் ஒரு பக்கம். விண்ணப்பித்து, கட்டணம் கட்டி யாரும் நுழையக்கூடிய ஃபிரிஞ்ச் பிரிவு இன்னொரு பக்கம். மௌனப் படம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு அதன் கீழே உட்கார்ந்து நேரடியாக வாசிக்க நினைக்கும் புதிய குழுவுக்கு ஏற்ற வாசல் இந்த இரண்டாவதுதான்.

வாசிக்கத் தெரிந்தவர், ஆனால் படத்துக்கு வாசித்துப் பழகாதவர் என்றால் இது உங்களுக்கு. கச்சேரி அனுபவம் இங்கே பாதி கைகொடுக்கும், பாதி குறுக்கே நிற்கும். கச்சேரியில் எல்லாக் கண்ணும் உங்கள் மேல் இருக்கும். இங்கே யாரும் உங்களைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவில் இந்த வேலைக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பும் உண்டு. மௌனப் படக் காலத்தில் அந்தக் கண்டத்தில் கேமராவோடு திரிந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். மக்களின் முகத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். குரலை எடுத்துப்போக அந்தக் கேமராவில் வழியில்லை. பலருக்கு அக்கறையும் இல்லை. நூறு ஆண்டு கழித்துத் திரையின் கீழே உட்காருகிறவரிடம் அந்தக் குரலின் இடம் காலியாக வந்து சேர்கிறது. அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது, எங்கே நிரப்பாமல் விடுவது என்பதுதான் கீழே வரும் எல்லாப் படிகளிலும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

முதல் படி: படத்தைத் தேர்ந்தெடுத்தல்

முழுநீளப் படத்தில் தொடங்காதீர்கள். இருபது நிமிடத்துக்கு உட்பட்ட இரண்டு ரீல் நகைச்சுவைப் படம் ஒன்றில் கையைப் பழக்கிக்கொண்டு பிறகு பெரிய படத்துக்குப் போவது நல்லது. பஸ்டர் கீட்டன் 1920இல் எடுத்த 'ஒன் வீக்' இதற்குப் பொருத்தமானது. புதுமணத் தம்பதி பெட்டிகளில் வந்த பாகங்களைக் கொண்டு வீடு கட்டுகிறார்கள். பொறாமைக்காரன் ஒருவன் பெட்டி எண்களை மாற்றி எழுதிவிட, வீடு கோணல்மாணலாக எழுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் இசைக் கலைஞனுக்கு வேண்டிய பாடமெல்லாம் அதில் இருக்கிறது.

பழகிய பிறகு ஆப்பிரிக்க மண்ணில் எடுத்த படங்களைப் பாருங்கள். துனிசியாவின் ஆல்பர் சமாமா ஷிக்லி 1922இல் எடுத்த 'ஜொஹ்ரா', அந்நாட்டவர் ஒருவரே இயக்கிய கதைப்படம். அவர் மகள் ஹைதேதான் நாயகி. இத்தாலியரான அத்திலியோ காத்தி 1927இல் ஜூலு மக்களையே நடிக்கவைத்து எடுத்த 'சிலிவா ஜூலு' இன்னொன்று. மானிடவியலாளர் லீதியோ சிப்ரியானி அந்தக் குழுவோடு போயிருந்தார். அதனால் படத்தில் காதல் கதை பாதி, 'இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் பாருங்கள்' என்ற காட்சிப்பொருள் பார்வை பாதி. ஜோகன்னஸ்பர்க்கில் 1915இல் தொடங்கிய ஆப்பிரிக்கன் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் நிறுவனம் எடுத்த வரலாற்றுப் படங்களும் உண்டு. அவற்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்; பிறகு வருகிறேன்.

உரிமைகளைப் பற்றிச் சுருக்கமாக: தென்னாப்பிரிக்கச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை, அது பொதுமக்களுக்குக் கிடைத்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். எனவே படம் பெரும்பாலும் தடையில்லாமல் கிடைக்கும். ஆனால் ஆவணக் காப்பகம் புதுப்பித்த பிரதியைத் திரையிட அந்தக் காப்பகத்தின் அனுமதியும் கட்டணமும் தனி. அந்தப் பிரதியோடு வரும் இசை யாரோ ஒருவர் அண்மையில் எழுதியது. அதைத் தொடவே கூடாது. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: படம் எந்த வேகத்தில் ஓடுகிறது?

புதியவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. பின்னால் அழவைப்பதும் இதுதான். மௌனப் படங்களுக்கு நிலையான வேகம் கிடையாது. விநாடிக்கு 16 ஃபிரேமும் (சுருளிலுள்ள தனித்தனிப் படம்தான் ஃபிரேம்) உண்டு, 18, 20, 24ம் உண்டு. 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 5,000 அடிப் படம் என்றால் 80,000 ஃபிரேம். விநாடிக்கு 16 வீதம் ஓட்டினால் 83 நிமிடம். 20 வீதம் ஓட்டினால் ஏறக்குறைய 67. 24 என்றால் 56கூட ஆகாது. ஒரே படத்துக்கு இணையத்தில் மூன்று வெவ்வேறு ஓட்ட நேரங்கள் கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த வேகம் சரி என்பதை நடப்பவர்களின் கால்களைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் நடந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. தென்னாப்பிரிக்கா, இந்தியாவைப் போலவே, விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்ட தொலைக்காட்சி முறையில் வளர்ந்த நாடு. 24இல் ஓட வேண்டிய ஒரு மணி நேரப் படத்தை 25இல் பதிந்த டிவிடியில் பார்த்துப் பழகினால் அது 57 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். அரங்கில் 24இல் ஓடும் டிஜிட்டல் பிரதி கிடைக்கும்போது உங்கள் நேரக் குறிப்புகள் மெல்ல மெல்ல விலகி, கடைசிக் காட்சிக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் தப்பிப்போயிருக்கும். அதனால் விதி ஒன்றுதான்: அரங்கில் எந்தக் கோப்பு ஓடப்போகிறதோ அதே கோப்பைக் கேட்டு வாங்கி, அதில் மட்டும் பயிற்சி செய்யுங்கள்.

மூன்றாம் படி: ஒலியில்லாமல் பாருங்கள், குறிப்பெடுங்கள்

கையில் கருவி எடுக்காமல் படத்தைப் பலமுறை பாருங்கள். வேறொருவர் இசையமைத்த பிரதியை ஒலியோடு பார்த்துவிட்டால் அது காதிலிருந்து போகவே போகாது.

பிறகு குறிப்புத் தாள் தயாரியுங்கள். மௌனப் படக் காலத்துத் திரையரங்கு வாத்தியக்காரர்களிடமும் இப்படித் தாள் இருந்தது. நேரம், திரையில் நடப்பது, நான் செய்வது என்று மூன்று பத்தி போதும். ஒவ்வொரு காட்சிக்கும் எழுதத் தேவையில்லை. மனநிலை மாறும் இடங்களையும், வசனமோ விளக்கமோ எழுத்தாகத் திரையில் வரும் டைட்டில் கார்டு இடங்களையும், திரையில் யாராவது கதவைத் தட்டுவது, மணி அடிப்பது, வாத்தியம் வாசிப்பது போன்ற 'ஒலி தெரியும்' இடங்களையும் குறித்தால் போதும். டைட்டில் கார்டு வந்ததும் ஒலியைக் குறையுங்கள். பார்வையாளர் படிக்கிறார், பக்கத்தில் யாராவது உரக்க மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டும் இருப்பார்.

'ஒன் வீக்' படத்தின் முடிவை எடுத்துக்கொள்வோம். இழுத்துக்கொண்டு போகும் வீடு தண்டவாளத்தின் குறுக்கே சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது. தம்பதி கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் வீட்டை உரசாமல் கடந்துபோகிறது. அப்பாடா என்று மூச்சுவிடும்போது எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கிவிடுகிறது. புதியவர் முதல் ரயிலைப் பார்த்ததுமே இரண்டு கையாலும் முழக்கத் தொடங்கி, அதே முழக்கத்தை இரண்டாவது ரயில் வரை இழுத்துவருவார். நகைச்சுவை செத்துப்போகும், ஏனென்றால் இன்னும் முடியவில்லை என்று இசை காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் ரயிலை நீங்களும் முழு மனதோடு நம்ப வேண்டும். அது கடந்ததும் தம்பதியோடு சேர்ந்து நீங்களும் நிம்மதியாக முடித்துக் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது ரயிலுக்கு ஒன்றும் வாசிக்காதீர்கள். மோதலுக்கும் வாசிக்காதீர்கள். அரங்கமே அந்தச் சத்தத்தைப் போடும்.

பாத்திரத்துக்குத் தெரியாததை இசை முன்கூட்டிச் சொல்லலாமா என்ற இந்தக் கேள்வியை எல்லாக் காட்சிக்கும் கேட்டுப் பாருங்கள். திகில் படத்தில் சொல்லலாம். நகைச்சுவையில் பெரும்பாலும் கூடாது.

நான்காம் படி: கருவிகள்

மகாண்டாவில் வாசிப்பவருக்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஹியூ டிரேசி 1954இல் நிறுவிய ஆப்பிரிக்க இசைக்கான பன்னாட்டு நூலகம் 1978 முதல் இங்குள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. டிரேசி 1929 முதல் கண்டத்தின் பல பகுதிகளில் ஒலிப்பதிவு செய்தவர். 1920களில் எடுத்த படத்துக்கு வாசிக்கப்போகிறவர், அந்தப் படத்திலிருக்கும் மக்கள் ஏறக்குறைய அதே காலத்தில் எப்படிப் பாடினார்கள் என்பதை அங்கே கேட்கலாம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே போய்விட முடிந்தால், நான் சொல்லும் எல்லாவற்றையும்விட அது அதிகம் கற்றுத்தரும்.

அந்த வட்டாரத்துக் கோசா மக்களின் கருவி உஹாதி. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த வில், ஒற்றைக் கம்பி, அடிப்பக்கத்தில் வாய் திறந்த சுரைக்குடுவை. உலர்ந்த புல்தண்டால் கம்பியைத் தட்டுவார்கள். விரல்களால் கம்பியைக் கிள்ளிப் பிடித்துத் தட்டினால் இன்னொரு சுரம். இரண்டுக்கும் இடையே ஷட்ஜத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் உள்ள தூரம். குடுவையின் வாயை மார்பில் ஒட்டியும் விலக்கியும் பிடிக்கும்போது, அடிச்சுரத்துக்குள்ளேயே மெல்ல ஒலிக்கும் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக எழும். தம்புராவில் தானாகக் கேட்பதை இங்கே வாசிப்பவர் தேர்ந்தெடுத்துக் கேட்கவைக்கிறார். மெட்டு அந்த மேற்சுரங்களில்தான் ஓடுகிறது. இதைத் தெரிந்துகொள்ள 2022இல் மறைந்த உஹாதிக் கலைஞர் மதோசினியின் பதிவுகளைக் கேளுங்கள்.

ஜூலு மக்களிடம் இதன் உறவுக் கருவி ஒன்று உண்டு, உகூபு. தோற்றத்தில் உஹாதியைப் போலவே இருக்கும். ஆனால் அதில் கம்பியைக் கிள்ளினால் கிடைப்பது ஏறக்குறைய சுத்த ரிஷபம். அந்த அரைச்சுர இடைவெளி ஒன்றே இசையின் நிறத்தை மாற்றிவிடுகிறது. இளவரசி கான்ஸ்டன்ஸ் மகோகோ (1900–1984) பாடிப் பதிவான பாடல்களில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். 'சிலிவா ஜூலு'வுக்கு உஹாதி வாசிப்பது குற்றம் இல்லை. ஆனால் ஆப்பிரிக்க வில் ஏதோ ஒன்று இருந்தால் சரி என்று நினைத்து வாசித்தால், 1927இல் கேமராக்காரர் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். அரங்கில் ஜூலுக்காரர் நாலு பேர் இருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

சுருதிச் சிக்கலை முதல் ஒத்திகையிலேயே தீர்த்துவிடுங்கள். வில்லை ஓரளவு இறுக்கித் தளர்த்தலாம். பலகையில் பொருத்திய இரும்பு நாக்குகளை விரலால் மீட்டும் ஜிம்பாப்வேக் கருவி எம்பிரா; அந்த நாக்குகளின் சுருதியை மேடையில் மாற்ற முடியாது. அது பியானோவோடு ஒத்துப்போகும் என்ற உத்தரவாதமும் இல்லை. பியானோவை விட்டுவிடுங்கள். வயலின், குரல், புல்லாங்குழல் போன்றவை வளைந்து கொடுக்கும். வளைய வேண்டியவை அவையே. கர்நாடக இசையில் பழகியவர்களுக்கு இது கடினமில்லை. மிருதங்கக்காரர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: இடைவெளி தெரிந்தவுடன் நிரப்பும் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உள்ளூர்க் கலைஞரைச் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் விளம்பரத்தில் அவர் பெயர் உங்கள் பெயருக்குச் சமமாக இருக்கட்டும். ஊதியத்தை முன்கூட்டியே பேசி முடியுங்கள். எம்பிராப் பாடல்களில் பல, முன்னோரை அழைக்கும் பிரா சடங்குக்கு உரியவை. எது பொது, எது சடங்கு என்று வாசிப்பவரிடமே கேளுங்கள். வழுக்கி விழும் காட்சிக்குப் பின்னால் சடங்குப் பாட்டு ஓடக் கூடாது. நூலகத்தின் பழைய ஒலிப்பதிவை மேடையில் ஒலிக்கவிட நினைத்தால் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா 1939இல் பதிந்த 'எம்பூபே' பாடல் உலகம் முழுவதும் மற்றவர்களுக்குப் பணம் குவித்தது. அவரது குடும்பத்துக்கு ஓரளவு நியாயம் கிடைத்தது 2006இல், அவர் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. அந்த நாட்டு இசைக் கலைஞர்கள் இந்தக் கதையை மறக்கவில்லை.

ஐந்தாம் படி: படத்தோடு உடன்படாதபோது

இப்போது அந்த வரலாற்றுப் படங்கள். 1916இல் ஹரோல்ட் ஷா இயக்கிய 'டி வூர்ட்ரெக்கர்ஸ்', டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்கள் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்ததையும் 1838 டிசம்பர் 16 அன்று ஜூலுக்களை அவர்கள் வென்ற பிளட் ரிவர் போரையும் வெற்றிக் காவியமாகச் சொல்கிறது. அதே டிசம்பர் 16இல்தான் படம் முதலில் திரையிடப்பட்டது. அவர்கள் வழிவந்த ஆஃப்ரிக்கானர்களின் தேசியவாதத்துக்கு அது பல ஆண்டுகள் பயன்பட்டது. இதற்கு இசையமைக்கும்போது திரையில் வெற்றி என்றால் வெற்றி முழக்கம், ஈட்டி என்றால் அச்சுறுத்தும் பறை என்று போனால் நீங்கள் அந்தப் படத்தின் கூலிக்காரர் ஆகிவிடுவீர்கள்.

மறுபக்கம், ஒவ்வொரு காட்சியையும் கிண்டலடித்து வாசிப்பதும் எளிது. பத்து நிமிடத்தில் சலித்துவிடும். எனக்குச் சரியாகப்படும் வழிகள் சில. திரை யாரைக் கூட்டமாக மட்டும் காட்டுகிறதோ அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வரும்போதெல்லாம் ஒரே சிறு மெட்டைக் கொடுங்கள். பார்வையாளர் கண் தானாக அவரைத் தேடும். திரை கொண்டாடும் இடத்தில் தனிக்குரல் ஒன்று மெதுவாகப் பாடட்டும். போர்க் காட்சியில் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். துப்பாக்கிப் புகையை முழு அமைதியில் பார்க்கவைப்பது எந்தப் பறையையும்விடக் கடுமையானது.

அந்தப் போர்க் காட்சிக்குப் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. ஜூலு வீரர்களாக நடிக்கச் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். கதைப்படி அவர்கள் விழுந்து சாக வேண்டும். படப்பிடிப்பில் நடிப்புச் சண்டை நிஜச் சண்டையாகி, போலீசார் தலையிட வேண்டியதாயிற்று. இதைத் தெரிந்துகொண்டு அந்த ஓட்டத்தைத் திரையில் பார்த்தால் கை தானாகவே வேறு மாதிரி வாசிக்கும். படத்தைப் பற்றி முன்கூட்டிப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். திரையிடலுக்கு முன் இரண்டு நிமிடம் பார்வையாளர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் பேசினால் இசைக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

ஆறாம் படி: பார்வையாளரும் வாசிப்பார்கள்

தென்னாப்பிரிக்காவில் மௌனப் படம் பார்ப்பது ஒருபோதும் மௌனமாக நடந்ததில்லை. 1920களில் ஜோகன்னஸ்பர்க் சுரங்கக் குடியிருப்புகளில் ரே பிலிப்ஸ் என்ற அமெரிக்க மிஷனரி படம் காட்டினார். அங்கே சாப்ளினுக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'சிடாக்வா', அதாவது குடிகாரன். எழுத்தாளரும் அரசியல் தலைவருமான சால் பிளாட்ஜே 1923இல் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது புரொஜெக்டரும் படச்சுருள்களும் கொண்டுவந்து, ஊர் ஊராகப் போய்த் தம் மக்களுக்குக் காட்டினார். அமெரிக்காவின் டஸ்கிகீ கல்விக்கூடத்தில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் காட்சிகள் அவற்றில் இருந்தன. அதே ஆண்டு லண்டனில், பின்னாளில் தென்னாப்பிரிக்கத் தேசிய கீதத்தின் பகுதியான 'என்கோசி சிகெலெல் இஆஃப்ரிகா' பாடலைப் பாடி இசைத்தட்டில் பதிந்தவரும் அவர்தான். திரையையும் பாட்டையும் வெளியாரிடம் விட்டுவைக்கக் கூடாது என்று அவர் நினைத்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்றைய அரங்கிலும் ஆட்கள் திரையோடு பேசுவார்கள், சிரிப்பார்கள், தாளம் தெரிந்தால் கைதட்டிக் கூடச் சேருவார்கள். இதைத் தொந்தரவாக எண்ணாதீர்கள். சிரிப்பு எழும் என்று தெரிந்த இடங்களில் மெட்டை நீட்டிக்கொள்ள வசதியாக நாலு ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப வரும் ஒரு துணுக்கை வைத்திருங்கள். எல்லாவற்றையும் எழுதிவைத்து வாசிப்பவரால் இது முடியாது. குறிப்புத் தாளில் கால்வாசி காலியாக இருப்பது நல்லது.

ஏழாம் படி: அரங்கம்

திரைக்கு நேர் கீழே உட்காராதீர்கள்; ஓரமாக, திரையைச் சாய்ந்து பார்க்கும்படி உட்காருங்கள். கழுத்து நோகும், அதனால் புரொஜெக்டருக்குப் போகும் அதே இணைப்பிலிருந்து ஒரு சிறு மானிட்டரைக் காலடியில் கேளுங்கள். தனி மடிக்கணினியில் அதே படத்தைக் கையால் ஓடவிட்டு ஒத்துப்போகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

குறிப்புத் தாளுக்கு வேண்டிய விளக்கு சிறியதாக, மஞ்சள் தாள் ஒட்டியதாக இருக்கட்டும். தொழில்நுட்ப ஒத்திகையில் அதை ஏற்றிவிட்டு நீங்களே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். திரையின் கறுப்பு வெளுத்துத் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும். பளபளக்கும் கருவி மேல் துணி போடுங்கள்.

உஹாதி மிகவும் மெல்லிய ஒலி கொண்டது. மைக் இல்லாமல் மூன்றாம் வரிசைக்கே எட்டாது. குடுவை வாய்க்கு நேராக மைக் வைத்தால், மார்பில் ஒட்டும்போது இடிக்கும், விலக்கும்போது ஊளையிடும். சட்டையில் குத்தும் சிறு மைக்கைக் குடுவையின் விளிம்புக்குச் சற்று வெளியே இருக்குமாறு பொருத்தி, ஸ்பீக்கர் உங்களுக்குப் பின்னால் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிப்பொறியாளரை முன்கூட்டியே அழைத்து அந்தக் கருவியை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்கச் சொல்லுங்கள். எதைப் பெருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகே அவருக்குப் பிடிபடும்.

ஜூலை இரவில் அந்த ஊரில் நன்றாகவே குளிரும். வெளியிலிருந்து கொண்டுவந்த கருவி அரங்கச் சூட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது வேண்டும். விரல் நுனி வெட்டிய கையுறை அழகாக இருக்காது; இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

மின்வெட்டு பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். சுழற்சி முறை மின்வெட்டு அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 2022, 2023இல் உச்சத்தில் இருந்தது. ஜெனரேட்டர் இருக்கிறதா, புரொஜெக்டருக்கு மாற்று மின்கலம் இருக்கிறதா என்று அரங்கப் பொறுப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். படம் நின்றுபோனால் நீங்கள் நிற்காதீர்கள். கருவி மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை என்றால், கடைசியாகத் திரையில் இருந்த காட்சியின் மெட்டையே தொடர்ந்து வாசியுங்கள். புரொஜெக்டர் மீண்டும் உயிர்பெறச் சில நிமிடம் பிடிக்கும். எந்த இடத்திலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும் என்பதை இயக்குபவரிடம் முன்பே பேசிவைத்து, குறிப்புத் தாளின் ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

ஃபிரிஞ்ச் அரங்குகளில் ஒரு நிகழ்ச்சி முடிந்தவுடன் அடுத்த குழு வாசலில் நிற்கும். கருவிகளைப் பரப்புவதற்கும் எடுப்பதற்கும் எவ்வளவு நேரமாகிறது என்று ஊரிலேயே கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். முதலில் சுரைக்குடுவையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். கேபிள் மிதிபட்டால் வேறு வாங்கலாம். பார்வையாளர்கள் பேச வருவார்கள், குறிப்பாகப் பெரியவர்கள். அவர்களை வாசலுக்கு வெளியே அழைத்துப்போய் நின்று கேளுங்கள். அந்தப் பாட்டு எங்கள் பக்கம் வேறு மாதிரி என்று ஒருவர் சொன்னால், அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். மறுநாள் காட்சிக்கு அதை வைத்துக் குறிப்புத் தாளைத் திருத்தலாம்.